தவ்பா செய்யாத மைமூனம்மா

மைமூனம்மா காலமான செய்தி ஜமாஅத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அனுப்பியவர் ஜமாஅத் செயலாளர். மைமூனம்மாவைத் தர்காவை விட்டு வெளியேற்றியவரும் அவர்தான். "மர்ஹூமா தம் கடைசிக் காலத்தில் பழைய வழக்கங்களுக்காகத் தவ்பா செய்து, நேர்வழிக்குத் திரும்பினார்" என்று எழுதியிருந்தார். கீழே வரிசையாக ஆமீன்கள்.

தவ்பா என்றால் செய்த பாவத்துக்கு வருந்தி இறைவனிடம் மீள்வது. மைமூனம்மா எந்தப் பாவத்துக்கு வருந்தினார்? அந்தச் செய்தி பொய். அவரை அறியாதவர்கள் அதை நம்பிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சிவாஜிநகரில் துணிக்கடைகளுக்குப் பின்னால் போகும் சந்தில் சிறிய தர்கா ஒன்று இருக்கிறது. அதைப் பராமரித்து வந்த கணவர் இறந்த பிறகு அந்த வேலையை மைமூனம்மா ஏற்றுக்கொண்டார். பிறந்தது வாணியம்பாடிப் பக்கம். உயரம் குறைவு, குரல் பெரிது. வியாழக்கிழமைகளில் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் முற்றத்தில் சாம்பிராணி போடுவார். ஜின் பிடித்தவர்கள் என்று சொல்லிப் பெண்களை அழைத்து வருவார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, கண்டோன்மென்ட் பக்கத்து இந்துக்களும் கிறிஸ்தவர்களும் வருவார்கள். கூந்தல் அவிழ்ந்து, தலை சுழன்று, குரல் மாறும். அதற்கு அங்கே 'ஹாஜிரி' என்று பெயர். தலை கல்தூணில் மோதாதபடி அம்மா தம் கையைக் குறுக்கே வைத்திருப்பார்.

அந்த முற்றத்தில் அவர் கடைப்பிடித்த முறை இரண்டு. ஜின் கேட்கும் கேள்விக்கு, கேட்கப்பட்ட ஆள் தரையில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். ஜின் பேசியதற்காக வீட்டுக்குப் போனபின் அந்தப் பெண்ணை யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. பேசியது அவளில்லையே!

ஒருமுறை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மனைவிக்கு ஹாஜிரி வந்தது. "எனக்கு பிரியாணி வேணும்" என்றது குரல்.

"அரே, நெருப்புல பொறந்த ஜின்னுக்கு பிரியாணி எதுக்கு? பசி உனக்கா, இந்தப் பொண்ணுக்கா?" என்றார் அம்மா.

"இவளுக்கு. எல்லாரும் தின்னு முடிச்ச சட்டிதான் இவளுக்கு."

அம்மா அந்தக் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "உக்காருங்க தம்பி. கேள்வி உங்களுக்குத்தான்."

அவர் உட்கார்ந்தார். தம் தாயார்தான் பரிமாறுவார் என்றும், தாம் கவனித்ததில்லை என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார். "இனிமே கவனிங்க. இல்லன்னா ஜின் அடுத்த வாரம் உங்க ஆட்டோவுல ஏறிக்கும்" என்றார் அம்மா. முற்றமே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தார்.

நான் கல்லூரியில் வரலாறு கற்பிப்பவன். ஜின் பிடிப்பதில் எனக்கு அன்றும் நம்பிக்கையில்லை, இன்றும் இல்லை. இறைவனிடம் மட்டுமே கேட்க வேண்டும், தர்கா வழக்கங்கள் கூடாது என்று மனமார நம்புகிற, மார்க்கம் கற்ற ஆலிம்கள் இருக்கிறார்கள். அவர்களோடும் எனக்குச் சண்டையில்லை. என் சண்டை ஒரே ஒரு மனிதரோடுதான். அவர் என் தங்கையின் முன்னாள் கணவர். இன்றைய செயலாளர். பெயரை எழுத மாட்டேன். அந்தப் பெயர் மைமூனம்மாவின் பெயரோடு ஒரே தாளில் வரக்கூடாது.

கல்யாணத்துக்குப் பிறகு என் தங்கை ஷாஹிதா பேசுவதையே நிறுத்திவிட்டாள். மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். "மாத்திரைய நிறுத்தாதீங்க" என்று மைமூனம்மாவும் சொன்னார். குறை பெண்ணிடம்தான் என்று ஊரறியக் காட்ட வேண்டும் என்பதற்காக, தர்காவுக்கு அழைத்து வந்தவர்கள் அவள் கணவர் வீட்டாரே. நானும் கூடப் போயிருந்தேன். வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்த ஷாஹிதாவின் தலை மெல்லச் சுழன்றது. பிறகு, நான் அதுவரை கேட்டறியாத குரலில் கேட்டாள்:

"இவள பாத்ரூம்ல வச்சு ஏன் பூட்டின?"

"உக்காருங்க" என்றார் அம்மா. அவள் கணவர் உட்காரவில்லை.

"பொய். ஜின் பொய் சொல்லுது."

"ஜின் பொய் சொல்லும் தம்பி. அதுக்கு ஈமான் இருக்கோ இல்லையோ. நீங்க தொழுறவரு. நீங்க சொல்லுங்க, பூட்டினீங்களா?"

அவர் செருப்பைக்கூடத் தேடாமல் வெளியேறினார். அன்று என் தங்கை எங்கள் வீட்டுக்கு வந்தவள்தான், பிறகு திரும்பிப் போகவில்லை. இப்போது ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறாள். நன்றாகப் பேசுகிறாள், சில நாள் அளவுக்கு மீறியும் பேசுகிறாள்.

அந்த மனிதர் அதை மறக்கவில்லை. செயலாளரானதும் அவர் செய்த முதல் காரியம், தர்கா முற்றத்துக்கு இரும்புக் கதவு போட்டதுதான். இணைவைப்புக்கு ஷிர்க், மார்க்கத்தில் புதுமைக்கு பித்அத் என்று பெரிய பெரிய சொற்களைக் கற்றுக்கொண்டார். பெண்கள் உள்ளே வரக்கூடாது என்று தீர்மானம் வந்தது. தங்கள் மகளையும் மருமகளையும் அங்கே கூட்டி வந்தவர்களே அதில் கையெழுத்துப் போட்டார்கள். மார்க்கத்தைக் காக்க வந்தவர்களாம்! தரையில் உட்கார்ந்து பதில் சொல்ல நேர்ந்த ஆண்கள், இனி யாரும் தங்களைக் கேள்வி கேட்காதபடி ஒரு கதவைப் பூட்டிக்கொண்டார்கள். நடந்தது அவ்வளவுதான். "அல்லாகிட்ட மட்டும்தான் கேக்கணும், சரி. அதுக்கு முன்னாடி புருஷன்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?" என்றார் மைமூனம்மா.

பிறகு அவர் பீன்யாவில், தொழிற்சாலையில் வேலை செய்யும் மகன் வீட்டில் இருந்தார். சென்ற மாதம் பார்க்கப் போயிருந்தேன். செயலாளர் ஆளனுப்பி, "தவ்பா செய்துவிட்டீர்களா?" என்று கேட்டாராம்.

"என்ன சொன்னீங்க?" என்றேன்.

"தெனமும் செய்யறேன்னேன். அதுவரைக்கும் கேட்டுட்டு சந்தோஷமா எழுந்து போயிட்டாரு அந்த ஆளு. மீதிய யாரு கேட்டா? மருமகள ஏசினதுக்கு செய்யறேன். சீரியல் பாத்து மஃரிப் தொழுகையத் தள்ளிப்போட்டதுக்கு செய்யறேன். அந்தப் பொண்ணுங்க தலையப் புடிச்சதுக்கு எதுக்கு செய்யணும் வாத்தியாரே?"

அவர் பேச்சில் பாதியை மட்டும் வெட்டி எடுத்து மரணச் செய்தியில் ஒட்டினார்கள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஜமாஅத் கூடத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. பெண்கள் திரைக்குப் பின்னால் இருந்தார்கள். செயலாளர் ஒலிபெருக்கியைப் பிடித்து, கண்களைத் துடைத்துக்கொண்டு, "அம்மா கடைசியில் தவ்பா செய்தது நமக்கெல்லாம் பெரிய ஆறுதல்" என்றார்.

திரைக்குப் பின்னாலிருந்து கனத்த மூச்சோடு ஒரு குரல் எழுந்தது.

"எதுக்குத் தவ்பா?"

சிவாஜிநகர்க்காரர்களுக்கு அது ஹாஜிரிக் குரல் என்று தெரியும். ஷாஹிதா அன்று வரவில்லை; அது அவள் குரலுமில்லை.

"பெண்கள் அமைதியா இருங்க" என்றார் செயலாளர்.

"எந்தப் பாவத்துக்கு? நீ கேட்டியா? சொல்லு."

முன்வரிசையில் இருந்த கறிக்கடை பாய் மெல்லத் தலையைத் தூக்கினார். தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் அவரும் ஒருவர். "சாப், கீழ உக்காந்து பதில் சொல்லுங்க. நாங்கல்லாம் சொல்லியிருக்கோம்ல" என்றார்.

செயலாளர் எங்களைப் பார்த்தார். பாய் தமக்கு முன்னாலிருந்த தரையைக் கையால் காட்டினார். ஒலிபெருக்கியை மேசையில் வைத்துவிட்டுப் பக்கவாசல் வழியாகப் போனார்.

முடிவுப் பிரார்த்தனையான துஆவை ஓத வேண்டியவரே போய்விட்டதால் ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். திரைக்கு அப்பால் ஒரு பெண் ஓதத் தொடங்கினார். நடுக்கமில்லாத, சாதாரணமான குரல். மைமூனம்மாவின் பெயரைச் சொல்லி, அவர் செய்த நன்மைகளை ஏற்றுக்கொள்ளும்படி இறைவனைக் கேட்டது. அந்தக் கூடத்தில் இதற்கு முன் ஒரு பெண்ணின் துஆவை நாங்கள் கேட்டதில்லை. கறிக்கடை பாய் இரு கைகளையும் ஏந்தினார். பிறகு அத்தனை ஆண்களும் ஏந்தி, "ஆமீன்" என்றோம்.

போய் வாருங்கள், அம்மா.