புழுவையும் விசாரிக்காமல் கொல்லாத ராவுத்தர்

சுலைமான் ராவுத்தர் மறைந்த செய்தி வந்தபோது, பாலக்காட்டில் அவருடைய மளிகைக் கடையில், அவருடைய கடல்மீன் தொட்டிக்குள் கைவிட்டு நின்றிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் மகள் ஷகிலா அழைத்தாள். "அத்தா மவுத்தாயிட்டாங்கண்ணா" என்றாள். தட்டைப்புழுக்களை உறிஞ்சும் குழாய் என் கையிலேயே இருந்தது.

கடல் இல்லாத ஊர்களில் உப்புக் கரைத்துப் பவளம் வளர்க்கும் நம் வாட்ஸ்அப் குழுவில் அவரிடம் திட்டு வாங்காதவர் யாருமில்லை. ஒருமுறை வடகரப்பதியில் என் வீட்டுத் தொட்டிப் பவளம் தேய்ந்துகொண்டே வந்தது. கல்லிடுக்கெல்லாம் முள்புழு. "அத்தனையும் புடிச்சு வெளிய போட்டறலாமுங்க" என்றேன். பார்க்க வந்த மனிதர், இருட்டில்தான் புழு வெளியே வரும் என்று பட்டப்பகலில் தொட்டியைக் கம்பளியால் மூடி, சிவப்பு டார்ச்சோடு கம்பளிக்குள் தலைவிட்டு உட்கார்ந்துவிட்டார். "ஆவி புடிக்கறாரா?" என்று என் மனைவி கேட்டாள். மாலையில் வியர்த்து வெளியே வந்தவர், "முள்புழு மிச்சம் மீதியைத்தான் தின்னுது. பவளத்தைக் கடிக்கறவன் அந்தக் கல்லுக்குள்ளே இருக்கான். ஆளு தெரியாம அடிக்கப்படாது" என்றார். அந்தக் கல்லை வெளியே எடுத்தோம்; நீளமான தாடைப்புழு ஒன்று வளைக்குள் இருந்தது. போகும்போது, "நீங்க கல்யாண விருந்து போட்டா முள்புழு பந்திக்கு வரத்தான் செய்யும். தீனியைக் குறைங்க" என்று அதற்கும் திட்டினார்.

அவர் நோயில் படுத்த பிறகுதான் அவர் தொட்டியிலேயே துருநிறத் தட்டைப்புழு பெருகியது. மருந்தை ஊற்றிவிடலாம் என்றேன். மூச்சு வாங்கப் பேசினார்: "வேண்டாம். மொத்தமாச் செத்தா விஷம் கக்கும், மீன் போயிரும். முதல்ல உறிஞ்சி எடுங்க, புழு கொஞ்சமா ஆனதும் மருந்து." எனக்கு எரிச்சல் வந்தது. "மொதல்ல உங்க ஒடம்பப் பாருங்க" என்றேன். "அதுக்கு டாக்டர் இருக்கார். மீனுக்கு யாரு இருக்கா?"

அடக்கம் முடிந்தபின் ஷகிலாவால் தொட்டிப் பக்கமே திரும்ப முடியவில்லை. "மருந்தை ஊத்தி இன்னைக்கே முடிச்சிருங்கண்ணா. இது இனி வேண்டாம்" என்றாள். எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனாலும் நாள்தோறும் போய் உறிஞ்சினேன். புழு அருகிய பிறகே மருந்து விட்டேன். அவை செத்து மிதக்க மிதக்க அள்ளினேன், தண்ணீரை மாற்றினேன், விஷத்தை இழுக்கக் கரி போட்டேன். மறுநாள் மீன்களெல்லாம் தீனிக்கு மேலே வந்தன.

"எல்லாம் இருக்கா?" என்று வாசலில் நின்றே கேட்டாள் ஷகிலா.

"எல்லாமே இருக்குது கண்ணு."

அப்போதுதான் அவள் கிட்டே வந்தாள். தொட்டியை எனக்குத் தந்துவிடுவாள் என்று எண்ணியிருந்தேன். "தரமாட்டேண்ணா" என்று சொல்லி அழுதாள். அவளே வைத்துக்கொள்ளட்டும். கை துறுதுறுக்கும்போதும் காத்திருந்து பார்க்கிற அவருடைய அந்தப் பிடிவாதத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.