வெறுங்காலுக்கு ஒரு மைதானம்

எங்கள் அண்ணன் முகத்துவாரக்குப்பத்தில் பிறந்தார். அப்பாவைக் கடல் கொண்டுபோன பிறகு, திருவொற்றியூரில் அத்தை வீட்டில் நாங்கள் இருவரும் வளர்ந்தோம். பத்தாவதோடு நின்று, பட்டறையில் வெல்டராகச் சேர்ந்து, என்னைப் படிக்க வைத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "எனக்குத்தான் பதினோரு பேரு கீறாங்களேம்மா, போதும்" என்பார். அந்தப் பதினோரு பேரின் சட்டையைத் துவைத்தது யார் என்று அவர் எங்கும் சொன்னதில்லை. நான்தான்.

அவர் நண்பர்களோடு கால்பந்து கிளப் ஆரம்பித்தபோது மைதானமே கிடையாது. உப்பங்கழியோரம் சேறும் முள்ளுமாகக் கிடந்த புறம்போக்கில் கட்டட இடிபாடுகளைக் கொட்டி மேடாக்கினார்கள். கோல் கம்பங்களை அண்ணனே வெல்டிங் செய்தார். பெரிய லீக் எதிலும் எங்கள் கிளப் ஆடியதில்லை. பக்கத்துத் தெருக்களோடு ஆடியது, பெரும்பாலும் தோற்றது.

பிறகு துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள், நெரிசல் நாட்களில் மைதானத்தில் ஏறி நிற்க ஆரம்பித்தன. அவை போன பின் போல்ட்டும் கம்பியும் கண்ணாடியும் கிடக்கும். அதனால் ஒரு வழக்கம் வந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒரு கோலிலிருந்து மறு கோல் வரை குனிந்து பொறுக்கிக்கொண்டே போவார்கள். அதற்கு 'வரிசை போறது' என்று பெயர். வரிசை போகாதவருக்குப் பந்து கிடையாது.

அந்த இடத்தை லாரி நிறுத்தமாக மாற்றப்போவதாகப் பேச்சு வந்தது. பார்வையிட அதிகாரி வருகிறார் என்றதும் அண்ணனுக்குத் தூக்கம் போயிற்று. இதய ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. குனியக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அன்று விடிந்ததும் வரிசை போனபோது, கீழே கிடப்பதை அவர் கை காட்ட, அவருக்குப் பதிலாக நான் குனிந்தேன்.

அதிகாரி இடத்துக்குக் காகிதம் கேட்டார். எங்களிடம் ஒன்றும் இல்லை. அண்ணன் வெள்ளந்தியாக, இத்தனை வருடம் பொறுக்கிய போல்ட்டுகள் நிறைந்த டிரம்மை இழுத்து வரச் சொன்னார்.

"பாருங்க சார், எவ்ளோ வருசமா கிளீன் பண்ணிகினு கீறோம்!"

"அப்போ இத்தனை வருஷமா இங்க லாரிதான் நிக்குது" என்று அவர் குறித்துக்கொண்டார்.

அண்ணன் முகம் வெளுத்து, கை நெஞ்சுக்குப் போனது. "வாண்ணே, வூட்டுக்குப் போலாம்" என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டார்.

"சார், ஷூவக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"லாரி நிக்கிற எடத்துல வெறுங்கால்ல நடக்க முடியுமா? இங்க நடங்க. ஒண்ணு குத்தினாலும் எடத்த நானே எழுதிக் குடுத்துடறேன்."

எங்களைக் கேட்காமல் மைதானத்தையே பணயம் வைத்துவிட்டார்! அதிகாரி ஷூவைக் கழற்றி நடந்தார். அவர் வைத்த ஒவ்வொரு அடிக்கும் எனக்கு உயிர் போய் வந்தது. அந்தப் பக்கம் பொறுக்கியது நானல்லவா? நடுக்கோட்டைத் தாண்டி நின்றார். பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி நடந்தார். மறு கோல் கம்பத்தைத் தொட்டுவிட்டு, திரும்பியும் வெறுங்காலிலேயே வந்தார். ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முடிவு தெரிவதற்குள் அண்ணன் போய்விட்டார். உடல் வீட்டில் இருக்க, ஆட்டக்காரர்கள் மைதானத்தில் குனிந்திருந்தார்கள். அத்தை கத்தினார்: "பொணத்த வூட்ல வச்சிகினு அங்க இன்னாடா பொறுக்கிகினு கீறீங்க?" அவர்களை அனுப்பியது நான்தான். அத்தை என்னை மன்னிக்க வேண்டும். அண்ணனைச் சுமந்தவர்கள் கோலிலிருந்து கோல் வரை வெறுங்காலில் நடந்தார்கள். ஒருவர் காலிலும் ஒன்றும் குத்தவில்லை.

பதினாறாம் நாள் கடிதம் வந்தது. இடம் விளையாட்டுக்கே என்று எழுதியிருந்தது. அண்ணன் படத்தின் முன் இரண்டு முறை வாசித்தேன்.

எங்களை வளர்த்த அத்தைக்கும், அண்ணனுக்கு மருத்துவம் பார்த்தவர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், நாங்கள் பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாத அந்த அதிகாரிக்கும் எங்கள் நன்றி. முதலாண்டு நினைவு ஆட்டம் வரும் ஞாயிறு. வருகிறவர்கள் செருப்பைக் கோல் கம்பத்தடியில் விட்டுவிட்டு வாருங்கள். வரிசையில் அண்ணன் இடத்தில் நான் நிற்பேன். கை காட்ட ஆளில்லை. இனி நானேதான் பார்த்துக் குனிய வேண்டும்.