பன்னுக்கு அடுக்கு இல்லை

குவைத்தில் நான் வேலை பார்க்கும் பர்கர் கடையில் கறி வெந்ததா என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அடுப்பில் நேரம் குறித்து வைத்த மணி அடிக்கும், திருப்ப வேண்டும். மறுபடி அடிக்கும், எடுக்க வேண்டும். கண்ணுக்கும் மூக்குக்கும் வேலை இல்லை. ஊரில் பர்கர் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பன்னைப் பிளந்து, நடுவில் வடை மாதிரி தட்டிய கறியை வைத்துக் கொடுப்பது. அம்புட்டுத்தான்.

ஒத்தக்கடை பஸ் நிறுத்தத்தில் எனக்குப் பரோட்டாக் கடை இருந்தது. ருசி என் கையில் இருக்கிறது என்று மேலூர் பஸ் டிரைவர்கள் சொல்வார்கள். எனக்குக் காய்ச்சல் வந்தால் கடைக்குப் பூட்டுத்தான். அந்தப் பரோட்டாக் கல்லை மைத்துனன் பாண்டியிடம் விட்டுவிட்டு விமானம் ஏறினேன். அதை நம்பித்தான் அவன் கல்யாணமும் செய்தான். நான் திரும்பிப் போனால் ஒரு கல் இரண்டு குடும்பத்துக்குக் காணாது. ஆனால் இங்கே கம்பெனி ஆள் வந்து வேலையைப் பார்த்துச் சரி என்றால்தான் நிரந்தரம். இல்லையென்றால் ஊருக்கு டிக்கெட்.

வந்த புதிதில் ஒருநாள், சூடான பன்களைக் கல்லிலிருந்து எடுத்ததும் என் கை பழக்கத்துக்குப் போய்விட்டது. அடுக்கி வைத்து இரண்டு பக்கமும் ஓங்கித் தட்டினேன். பரோட்டாவை அப்படித் தட்டினால்தான் பிரிந்து பூவாகும். பன் நசுங்கிப் போனது. மேனேஜர் சமீர், லெபனான்காரர், ஓடி வந்து என் முகத்தையே பார்த்தார். என்னவோ கேட்டார். எனக்கு விசா வாங்கித் தந்த, அதே கடையில் வேலை செய்யும் மதுரை சுலைமான்தான் சொன்னான்.

"அண்ணே, யாரு மேல கோவம்னு கேக்குறாரு."

"கோவமா? அடுக்கு விரியத் தட்டுனேன்டா."

"பன்னுல ஏதுண்ணே அடுக்கு?"

சமீர் என்னைச் சுவரில் மாட்டியிருந்த படத்துக்கு முன்னால் கூட்டிப்போனார். அமெரிக்காவில் ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை, ஒரு கல், கரண்டியோடு ஓர் ஆள். கம்பெனி தொடங்கிய இடமாம். பார்த்துக்கொண்டே நின்றேன். படத்தில் இருந்தவரும் என்னை மாதிரிக் கல்லுக்காரர்தான். ஆனால் ருசியைக் கையில் வைத்துக்கொள்ளவில்லை, மணிக்குள் போட்டுவிட்டார். அவர் படுத்தாலும் கடை நடக்கும். எந்த நாட்டில் கடித்தாலும் ஒரே ருசி. வியாபாரமே அதுதான். அது புரிந்ததும் பயம் போய்விட்டது.

கை மட்டும் கேட்கவில்லை. அதற்கும் வழி செய்தேன். வலது கையில் கரண்டி, இடது கையில் சுரண்டி. இரண்டையும் கீழே வைப்பதில்லை; கை காலியாக இருந்தால்தானே தட்டும். கம்பெனி ஆள் வந்த அன்று மணி அடித்தது, திருப்பினேன், எடுத்தேன். அவர் கடித்துப் பார்த்துத் தலையசைத்தார். இன்று அந்தக் கல்லுக்கு நான்தான் பொறுப்பு.

போன விடுப்பில் ஒத்தக்கடை போனேன். நல்ல கூட்டம். பாண்டியை நகரச் சொல்லிவிட்டு நானே கல்லில் நின்றேன். பரோட்டா சிவந்தது. நான் மணிக்குக் காத்திருந்தேன். கருகல் வாடை வந்த பிறகுதான் எடுத்தேன். எடுத்து அப்படியே இலையில் வைத்தேன்.

"என்ன மச்சான், தட்டாம வைக்கிறீங்க?"

"மறந்துட்டேன் மாப்ள."

"அரபு நாட்டுல தட்டுறதுக்கும் வரி போட்டுட்டாங்களா?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதுதான் பார்த்தேன், என் இரண்டு கையிலும் கரண்டி இருந்தது. இடது கையில் இருந்ததைக் கீழே வைத்தேன். வலது கை விடவில்லை.