பத்துக் கிலோமீற்றரில் எத்தனை சேறு?

போன மாதம் செங்கலடிச் சந்தியில், ஒரு டயர்க் கடையில் நின்று பொய் சொன்னேன்.

பெரிய பொய் இல்லை. கடைக்காரர் கேட்டார்: "தங்கச்சி, உங்கட பிக்கப் பத்துக் கிலோமீற்றர் ஓடினா அதில தார் எத்தனை, சேறு எத்தனை?"

"ஒன்பது தார், ஒண்டு சேறு" என்றேன்.

இதைச் சொன்னவள் யார் தெரியுமா? மகளின் பாலர் பாடசாலைப் படிவத்தில் 'பிள்ளைக்கு ஏதும் ஒவ்வாமை உண்டா?' என்ற ஒற்றைக் கேள்விக்கு இணைப்புத் தாள் வைத்துப் பதில் எழுதியவள். காய்ச்சல் மருந்துப் போத்தலோடு வரும் துண்டுக் காகிதத்தைக் கடைசி வரி வரை வாசித்துவிட்டு, மறுபடி முதலில் இருந்து வாசிப்பவள். அப்படிப்பட்டவள் ஏன் ஒரு டயர்க்காரரிடம் பொய் சொல்ல வேண்டும்?

காரணம் என் மச்சாள்.

மச்சாள் ரஜனி, என் கணவரின் தங்கை. கொக்கட்டிச்சோலை தாண்டி, தார் ரோட்டை விட்டு இறங்கி, வாய்க்கால் ஓரமாகவே மூன்று கிலோமீற்றர் களிமண் பாதையில் போனால் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, நடுவே அவள் வீடு. எட்டு மாதம். முதல் பிள்ளை. மாரி மழை தொடங்கினால் அந்தப் பாதையில் மாடு கூட யோசித்துத்தான் கால் வைக்கும். எங்கள் வீட்டில் இருந்தோ ஆஸ்பத்திரி பத்து நிமிடம்.

"இஞ்ச வந்து இரிங்க மச்சாள்" என்று ஒரு மாதமாகக் கெஞ்சினேன்.

"வந்தா வேளாண்மைய ஆரு பாக்கிற?"

"உங்கட அவர் இரிக்கார்தானே?"

"அவரா? அவரிட்ட வக்கடைய விட்டா, பக்கத்து வயல்காரன் ரெண்டு வார்த்தை சிரிச்சுக் கதைச்சே தண்ணியத் திருப்பிருவான்."

வக்கடை என்பது வரம்பை வெட்டித் தண்ணீர் விடுகிற வாய். அதைத் திறப்பதும் அடைப்பதும்தான் ரஜனிக்கு உலகம். வயிற்றுப் பிள்ளைக்குத் தானாக வெளியே வரத் தெரியும். தண்ணீர் அப்படி இல்லை. இது அவளுடைய வாதம்.

கடைசியில் என்னவர் நாட்டாமை செய்தார். எங்கள் பழைய பிக்கப்புக்கு எப்படியும் டயர் மாற்ற வேண்டும், நாலும் மொட்டை. புது டயர் போடுவோம். மூன்று நாள் மழை அடித்த பிறகு வண்டி ரஜனி வீட்டு வாசல் வரை போகிறதா என்று பார்ப்போம். போனால், பிரசவ நோவு வரும்வரை அவள் அங்கேயே இருக்கலாம். ஒரு அழைப்பில் நாங்கள் போய் ஏற்றி வருவோம். இடையில் புதைந்தால், அடுத்த நாளே பையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

ரஜனி சம்மதித்தாள். நானும் சம்மதித்தேன்.

"எந்த டயர் எண்டு நீயே பார். எல்லாத்தையும் வாசிக்கிற ஆள் நீதானே" என்று சொல்லிவிட்டு இவர் வேலைக்குப் போய்விட்டார்.

பதினொரு நாள் வாசித்தேன். பாலைவனம் கடந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பனிமலை ஏறியவர்கள் எழுதியிருக்கிறார்கள். ரஜனி இருக்கும் படுவான்கரைக் களிமண்ணில் ஓட்டியவர் ஒருவர் கூட எழுதவில்லை. ஆனாலும் விஷயம் பிடிபட்டது. டயர் மூன்று வகை. தார் ரோட்டுக்கு வழுவழுப்பானது. சேற்றுக்குப் பெரிய பெரிய பல் வைத்தது. இரண்டுக்கும் நடுவில் ஒன்று. வழுவழுப்பான டயரின் இடுக்கில் களி அப்பிக்கொண்டால், அது எண்ணெய் பூசிய பந்து மாதிரி நின்ற இடத்திலேயே சுற்றுமாம்.

இதை வாசித்தபோதுதான் அந்தக் கெட்ட யோசனை வந்தது.

நல்ல டயர் வாங்கினால் மச்சாள் வட்டைக்குள். மோசமான டயர் வாங்கினால் மச்சாள் என் வீட்டில், பத்திரமாக. நீங்களே சொல்லுங்கள்... எதை வாங்குவீர்கள்?

ஆகவே, ஒன்பது தார், ஒண்டு சேறு.

"அப்ப இதுதான் சரி" என்று கடைக்காரர் ஒரு வழுவழுப்பை உருட்டி வந்தார். "பட்டு மாதிரிப் போகும்."

நான் டயரின் பக்கவாட்டில் குனிந்து அந்த நாலு இலக்கத்தைத் தேடினேன். எந்த வருடம், எந்த வாரம் செய்தது என்று அதில் இருக்கும். மோசடி செய்யும்போது கூட, காலாவதியான பொருளை வாங்க எனக்கு மனம் வராது.

அப்போது கைபேசி அடித்தது. ரஜனி.

"மச்சாள், டயர்க் கடையிலயா?"

"ஓம்."

"பல்லுப் பெரிசாப் பாத்து எடுங்க."

"ஓம் ஓம்."

"ஏன் குரல் ஒரு மாதிரி இரிக்கி?"

"வெயில்."

"இஞ்ச மழை கொட்டுது. உங்களுக்கு மட்டும் வெயிலா? சரி, நீங்க பாத்து எடுப்பீங்க எண்டு தெரியும். நீங்க பாக்கிறதாலதான் நான் பயப்பிடாம இரிக்கன்."

வைத்துவிட்டாள்.

அவள் வேண்டுமென்றே சொன்னாளா, சும்மா சொன்னாளா? இன்றுவரை தெரியாது. ஆனால் என் தலைக்குள் அடுத்த படம் ஓடத் தொடங்கிவிட்டது. டயர் புதைகிறது, சரி. ஆனால் ரஜனி ஒப்பந்தத்தை மதிக்காமல் 'வரமாட்டன்' என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டால்? நோவும் வந்துவிட்டால்? வாசலில் அவள், வாய்க்கால் திருப்பத்தில் நாங்கள், நடுவில் நான் தேர்ந்தெடுத்த பட்டு டயர்...

"அண்ணன், ஒன்பது சேறு" என்றேன்.

அவர் டயரை உருட்டுவதை நிறுத்தினார். "இப்பதானே ஒன்பது தார் எண்டீங்க."

"மழை வருது அண்ணன்."

"மழை வந்தா தார் சேறாகுமா தங்கச்சி?"

"எங்கட பக்கம் ஆகும்."

அவர் நல்ல மனிதர். நடு வகையைக் காட்டினார். "ரெண்டுக்கும் தோதா இது போதும். முழுச் சேத்து டயர் எண்டா தார்ல சத்தம் போடும், உடம்பெல்லாம் ஆட்டும். ஈரத் தார்ல பிரேக்கும் கொஞ்சம் யோசிச்சுத்தான் பிடிக்கும்."

நியாயமான ஆள் என்றால் அதைத்தான் எடுத்திருப்பாள். ஆனால் பயந்தவர்களுக்கு நடு என்று ஒன்று கிடையாது. ஒன்றில் இந்தக் கரை, இல்லாவிட்டால் அந்தக் கரை. கடையிலேயே பெரிய பல் வைத்த டயரைக் கைகாட்டினேன். உழவு மெசினுக்குப் பிறந்த பிள்ளை மாதிரி இருந்தது.

வீட்டில் நாலு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, இவர் வண்டியை மெல்ல முன்னுக்கு எடுத்தார். மூன்று பழம் நசுங்கியது. நாலாவது, இரண்டு பல்லுக்கு நடுவில் புகுந்து, ஒரு கீறல் கூட இல்லாமல் டயரோடு சுற்றிக்கொண்டு மேலே போனது. மகள் கைதட்டினாள். எனக்கு அது கெட்ட சகுனமாகப் பட்டது. உடனே ரஜனிக்கு அழைப்பெடுத்துச் சொன்னேன்.

"எலுமிச்சம்பழத்தையே கடிக்கத் தெரியாத டயரா வாங்கி வச்சிரிக்கீங்க?" என்று கேட்டுவிட்டு ஐந்து நிமிடம் சிரித்தாள்.

மூன்று நாள் மழை அடித்தது. சனிக்கிழமை காலை கிளம்பினோம். இவர் ஓட்ட, நானும் மகளும் பின் சீற்றில். நான் கையோடு கொண்டுபோனவை: கயிறு, மண்வெட்டி, பலகை இரண்டு, மாற்றுடுப்பு, பிஸ்கட், மூன்று பேருக்கும் மூன்று டோர்ச். காலை ஒன்பது மணிக்கு. தார் ரோட்டில் வண்டி வழி முழுக்க இரைந்து ஆடியது; சேற்றையே நினைத்துக்கொண்டிருந்த நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

களிமண் பாதையில் இறங்கியதும் இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கலியாணத்தன்று கூட அந்த முகம் அவ்வளவு மலரவில்லை. பல் ஒவ்வொன்றும் சேற்றைக் கவ்வி, பின்னால் வீசி, அடுத்த கவளத்துக்குப் போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வாய்க்கால் திருப்பத்தில் ஒரு பெரிய குழி இருக்கிறது. போன மாரியில் ஒரு உழவு மெசினே அதற்குள் ஒரு நாள் முழுக்கக் கிடந்தது. அந்தக் குழியையும் வண்டி ஒரு சின்னக் குலுக்கலோடு தாண்டியது. சின்னக் குலுக்கல்தான்.

"பாத்தியா! டயர் எண்டா டயர்" என்றார் இவர்.

ரஜனி வாசலில் குடையோடு நின்றாள். ஒரு கை இடுப்பில். வண்டி வாசல் படலை வரை போய் நின்றது.

"என்ன மச்சாள், கயிறு வேணுமா?" என்று கேட்டாள்.

தோற்றேன். தேநீர் தந்தாள், குடித்தேன். இனி ஒவ்வொரு இடிக்கும் நான் எழும்பி உட்கார்ந்து வானத்தைப் பார்க்க வேண்டும். அதுவும் நானே தேடி வாங்கிய டயரால்.

புறப்படும்போது ரஜனி முன் சீற்றில் ஏறிக்கொண்டாள். "வாறதப் பாத்தாச்சு. என்னை ஏத்திக்கொண்டு போறதையும் பாக்க வேணாமா? தார் ரோட்டு வரைக்கும் போய்க் கிறுகி வருவம்."

வேண்டாம் என்றேன். எட்டு மாதம் என்றேன். கிளினிக் புத்தகத்தில் எழுதியிருப்பதை எல்லாம் மனப்பாடமாகச் சொன்னேன். "சும்மா இரிங்ககா" என்றாள். இவர் முட்டை ஏற்றிய மாதிரி ஓட்டினார். சேற்றில் குலுக்கல் ஒன்றும் தெரியவில்லை.

தார் ரோட்டில் ஏறினோம்.

முதலில், வரும்போது கேட்ட அதே முனகல். வேகம் கூடக் கூட அது நெல் ஆலைக்குள் உட்கார்ந்திருக்கும் சத்தமானது. சீற் நடுங்கியது. கண்ணாடி நடுங்கியது. பேசினால் குரலும் நடுங்கியது.

"அம்மா, வண்டிக்குப் பசிக்குதா?" என்று மகள் கேட்டாள்.

ரஜனி கதைக்கவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தாள். ரஜனி கதைக்காமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

"அண்ணா, நிப்பாட்டு."

நான் முன் சீற்றுக்கு எட்டிப் பார்த்தேன். "நோவா மச்சாள்? நோவா?"

"நோவில்ல. யோசிச்சன்." அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "நோவோட இதில ஒரு மணித்தியாலம் இருந்தா, ஆஸ்பத்திரி வாசல்ல நான் இறங்க மாட்டன். புள்ளதான் இறங்கி வந்து என்னைக் கூப்பிடும்."

இவர் எஞ்சினை நிறுத்தினார். மழைத் தூறல் கண்ணாடியில் விழுந்தது.

"கிறுகு அண்ணா. உடுப்பு எடுக்கணும்."

இப்போது மச்சாள் என் வீட்டில். பத்து நாளாகிறது. அவள் கணவர் காலையும் மாலையும் வரம்பில் நின்று வீடியோ அழைப்பு எடுக்கிறார். "இன்னும் கொஞ்சம் கீழ காட்டுங்க... அது நம்மட வக்கடை இல்ல, பக்கத்தான்ட" என்று அவள் என் வரவேற்பறையில் கால் நீட்டியபடி நீர்ப்பாசனம் செய்கிறாள். தண்ணீர் ஒழுங்காகத்தான் ஓடுகிறது.

முந்தாநாள் எனக்கு மனச்சாட்சி குத்தியது. டயர்க் கடையில் சொன்ன பொய்யை அவளிடம் ஒப்புக்கொண்டேன். கோபிப்பாள் என்று நினைத்தேன். தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தவள் ஒரு சுளையை எனக்குத் தந்தாள்.

"மச்சாள், அந்த வாய்க்கால் திருப்பத்துக் குழி இரிக்கெல்லா?"

"ஓம்?"

"வெள்ளிக்கிழமையே தென்னோலை மட்டையும் வைக்கலும் போட்டு நிரப்பி, மேல சேத்தப் பூசி விட்டம்."

"ஆரு?"

"அவர்தான் பூசினார். நான் குடை பிடிச்ச."

அவளைத் தோற்கடிக்க நான் கள்ளம் செய்யப் பார்த்தேன். என்னைத் தோற்கடிக்க அவள் செய்தே விட்டாள். இருவருக்கும் இருந்தது ஒரே பயம்தான். ஆளுக்கு ஒரு கரையில் நின்று பயந்திருக்கிறோம். குடும்பத்தில் ஒருவரை ஒருவர் காப்பாற்றுவது என்பது பெரும்பாலும் இப்படித்தான்... கொஞ்சம் ஏமாற்றி, கொஞ்சம் ஏமாந்து. நேராகப் பேசித் தீர்த்திருக்கலாமே என்கிறீர்களா? பேசினால் சண்டை வந்திருக்கும். டயர்தான் நடுவில் நின்று தீர்த்துவைத்தது, பாவம்.

அந்த டயர் உண்மையிலேயே நல்ல டயர்தானா? எங்கள் இருவருக்கும் தெரியாது. இவரோ கண்டவர் எல்லோரையும் பிடித்து நிறுத்தி, குழி தாண்டிய கதையைச் சொல்கிறார். இரவில் எந்த நேரம் நோவு வந்தாலும் ஓடிப்போய் ஏறலாம் என்று வண்டியை வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறார். தினமும் காற்றுப் பார்க்கிறார்.

மச்சாளும் நானும் எதிர் வீட்டு ஓட்டோக்காரரிடம் சொல்லி வைத்துவிட்டோம். இவருக்குத்தான் இன்னும் சொல்லவில்லை.