அடைப்பு இல்லை என்றார்கள்

செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்கு, ஹப்சிகுடா மெட்ரோ படிக்கட்டின் பாதியில் என் மகள் உட்கார்ந்துவிட்டாள். எஸ்கலேட்டர் ஓடவில்லை. பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்தபடி அவளைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். பத்தொன்பது வயதுப் பெண். உதடு நீலம் பாரித்திருந்தது. "நக்கோ மா, வேண்டாம், நீ ஆபீஸ் போ, நான் மெல்ல வர்றேன்" என்றாள்.

அதற்கு முன்பும் அவளுக்கு மூச்சு வாங்கியதுண்டு. ஆஸ்துமா என்று ஒரு மருத்துவர் இன்ஹேலர் கொடுத்தார். இன்னொருவர் பரீட்சை டென்ஷன் என்றார், அதுவும் அவளைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. நான் எதற்கும் பதறுகிறவள்தான். அதனால் அவளுடைய மூச்சிரைப்பும் என் கணக்கில் போய்விட்டது.

ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். நுரையீரலில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம் என்று சி.டி. எடுத்தார்கள். மூச்சை அடக்கச் சொல்லி இயந்திரம் இந்தியில் கட்டளையிட்டது. மூச்சுக்காக அலைகிறவளிடம் அதைத்தான் கேட்கிறது. இருமிவிட்டாள். படம் எடுப்பவர் சலித்துக்கொண்டு மறுபடி எடுத்தார்.

மதியம் ரிப்போர்ட் வந்தது. அடைப்பு இல்லை. டியூட்டி டாக்டர் சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போகலாம் என்றார். ஏ.எஸ்.ராவ் நகர் தொழிற்சாலையில் கருவிகளைப் பரிசோதித்தே தலை நரைத்த என் கணவர் அதற்குள் வந்திருந்தார்; பாஸான கருவியைத் தடவுவதுபோல அந்தக் காகிதத்தைத் தடவினார். அப்படியானால் ஏன் நாலு படி ஏற முடியவில்லை என்று கேட்டேன். நல்ல செய்தி வந்தால் சந்தோஷப்படக்கூடத் தெரியாதா உனக்கு என்றார்.

நான் கட்டிலை விட்டு நகரவில்லை. நுரையீரல் டாக்டர் பார்க்காமல் போகமாட்டேன் என்றேன். படுக்கைக்கு ஆள் காத்திருக்கிறது என்று நர்ஸ் இரண்டு தடவை வந்து சொன்னாள். டியூட்டி டாக்டருக்கும் பொறுமை போய்விட்டது.

"அம்மா, பேஷண்ட் நீங்களா, உங்க பொண்ணா?"

மகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்னால் அவளுக்கு அவமானம். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். அழுதிருந்தால் அவர்கள் சொன்னதே சரி என்றாகியிருக்கும்.

சாயங்காலம் நுரையீரல் டாக்டர் வந்தார், என் வயதுப் பெண்மணி. நான் நீட்டிய ரிப்போர்ட்டை வாங்கவில்லை. நர்ஸ் மேஜைக் கம்ப்யூட்டரில் படத்தையே திறந்து, எங்களைக் கூப்பிட்டார். நெஞ்சின் குறுக்குவெட்டில் இரண்டு ரத்தக்குழாய்கள் பக்கம் பக்கமாக வெள்ளையாகத் தெரிந்தன. ஒன்று உடம்புக்கு ரத்தம் கொண்டுபோவது, மற்றது நுரையீரலுக்குப் போவது. இரண்டாவது முதலாவதைவிடப் பெருத்திருந்தது, எனக்கே தெரிந்தது. அப்படி இருக்கக்கூடாதாம். இதயத்தின் வலது பக்கமும் வீங்கியிருப்பதைத் தொட்டுக் காட்டினார்.

ரிப்போர்ட்டில் இது ஏன் இல்லை என்று கணவர் கேட்டார். அடைப்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்டு அனுப்பினார்கள், படம் பார்த்தவர்கள் இல்லை என்று எழுதிவிட்டார்கள் என்றார் டாக்டர். பிறகு தெலுங்கில், என் மகளிடமே நேராகச் சொன்னார்.

"நுரையீரல்ல ரத்த அழுத்தம் ஏறியிருக்கும்னு நினைக்கிறேன்மா. படத்தை வச்சு சந்தேகம்தான் பட முடியும். இதயத்துக்குள்ள சின்னக் குழாய் விட்டு அளந்து பார்த்தாத்தான் உறுதி. இன்னைக்கு உன்னை வீட்டுக்கு அனுப்பமாட்டேன்."