மாமரத்தில் இறங்கிய ஈயம்

பாகாலா மர மில்லில் எங்கள் பழைய மாமரத்தை அறுத்தபோது ரம்பம் திணறியது. பலகைக்குள் ஈயக் குண்டுகள்.

"யாரு சார் இத்தினி குண்டு சுட்டது?" என்றார் மில்காரர்.

என் அப்பா, நைனாதான். என் சின்ன வயதில், காட்டுப்பன்றிக்கு அவர் வைத்த குறி தவறி, குறுக்கே ஓடிவந்த எங்கள் நாய் செத்தது. அன்றிலிருந்து நாட்டுத் துப்பாக்கியில் வெடிமருந்தை ஒரே அளவாகப் போட்டு, எண்ணெய்த் துணியில் குண்டைச் சுற்றி இறுக்கி, அந்த மரத்தைச் சுட்டுப் பழகினார். வீடெல்லாம் கந்தகம் நாறும். முதலில் சிதறிய குண்டுகள் போகப்போக ஒரே இடத்தில் இறங்கின.

ஒரு வருஷம் எங்கள் வேர்க்கடலையில் பாதியைப் பன்றி தின்றுவிட்டிருந்தது. "இப்பதான் குறி தப்பலியே, பன்னிய சுட்டா இன்னா?" என்றாள் அம்மா.

"மரம் நவுராது. நாயி குறுக்கால ஓடியாருமே" என்றார் நைனா.

பலகை நடுவில் நெருங்கிக் கிடந்த குண்டுகளைத் தடவினேன்.

"நோண்டி எடுத்துடட்டுமா சார்?"

"வேணாங்க. இதுல ஒண்ணுகூட தப்பல."