இலக்கருகே நின்ற பிள்ளை

வடக்குப்பட்டில், தொழிற்சாலை மதிலை ஒட்டிய காலி மனையில் ஞாயிறு காலைகளில் மூங்கில் வில் பழகினேன். தூரத்தைக் கண்ணால்தான் அளக்க வேண்டும். இலக்கின் பக்கத்தில் என் நாலு வயது மகள் நிற்பதாக நினைத்துக்கொள்வேன். அவள் எவ்வளவு சிறிதாகத் தெரிவாள் என்பதை வைத்துத் தூரத்தைக் கணிப்பேன்.

அன்று பனிமூட்டம். நாணை இழுத்தேன். அறுபது அடி இருக்கும் என்று நினைத்தபோது, அங்கே நின்றவள் குனிந்து முழங்காலைச் சொறிந்தாள். வில்லைத் தாழ்த்திவிட்டேன்.

“இன்னாக்கா, வுடாம நின்னுகினு கீற?” என்றாள் பின்னால் உட்கார்ந்திருந்த தோழி; தொழிற்சாலையில் என் ஷிப்ட்காரி, என்னோடு வில் பழகுபவள்.

“பாப்பா அங்க நிக்குது.”

“பாப்பா என் மடியில தூங்கினு கீது, பாரு.”

திரும்பினேன். தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். இருந்தாலும் இலக்குவரை நடந்து, பின்பக்கமும் பார்த்தேன். யாரும் இல்லை. அதன்பிறகும் அன்று என்னால் அம்பு விட முடியவில்லை.